ஈவாஞ்சலின் போட்ட தரம்

நாசரேத்துக்காரி ஈவாஞ்சலின் நாலு பேர் பார்க்கத் தன் கன்னத்தில் அறைந்ததைச் சுடலைக்கண்ணனால் மறக்க முடியவில்லை. வாழ்க்கையில் அடியே வாங்காதவன் இல்லை அவன். திரேஸ்புரத்தில் மீன் ஏலத்துச் சண்டையில் துடுப்பால் வாங்கிய அடிக்குத் தோள்பட்டையில் இன்னும் தழும்பு இருக்கிறது. துறைமுக வாசலில் லாரிக்காரர்கள் மூன்று பேர் சேர்ந்து மிதித்ததில் விலா எலும்பு ஒன்று கோணலாகத்தான் கூடியது. ஆனால் அதையெல்லாம் அவன் திருப்பிக் கொடுத்துவிட்டான். துடுப்புக்காரன் ஒரு மாதம் கஞ்சி குடித்தான். லாரிக்காரர்களில் ஒருவன் இன்றைக்கும் விந்தி விந்தித்தான் நடக்கிறான். கொடுத்து முடித்த பிறகு அவர்கள்மேல் அவனுக்குக் கோபமே கிடையாது. கண்டால் டீ வாங்கிக் கொடுப்பான். திருப்பிக் கொடுக்காத அடி இந்த ஒன்றுதான். அதனால் அது ஆறவே இல்லை.

அதுவும் எதற்கு அடித்தாள்? எச்சிலுக்கு.

செந்தூர்பாண்டி அண்ணாச்சியின் பழைய பேப்பர் கிட்டங்கியில் அவன் வேலைக்குச் சேர்ந்த புதிது. துறைமுகச் சாலையில் உப்பளம் தொடங்குகிற இடத்தில், தகரக் கூரை போட்ட கிட்டங்கி அது. மேஜைமேல் பளபளவென்று ஒரு சீமைப் புத்தகம் கிடந்தது. அட்டையில் எலும்புக்கூடு ஒன்று வாளோடு நின்றது. உள்ளே என்ன இருக்கிறது பார்ப்போம் என்று கட்டைவிரலை நாக்கில் தொட்டு ஒரு பக்கத்தைப் புரட்டினான். அவ்வளவுதான். எங்கிருந்து வந்தாள் என்று தெரியவில்லை. விழுந்த அறையில் காது கொய்யென்றது.

“எச்சி தொட்டுப் பொரட்டுதியே, இது என்ன உன் வெத்தலையாலே? ஃபைன்னு எடுத்து வச்சிருந்தேன். இனிமே இது பூவர்!”

லோடுமேன் பாண்டித்துரை முதலில் சிரித்தான். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். சுடலைக்கண்ணன் கையை ஓங்கிவிட்டான். ஓங்கிய கை அப்படியே நின்றது. காரணம், அவள் அவனைப் பார்க்கவே இல்லை. முந்தானை நுனியால் அந்தப் பக்கத்து ஈரத்தை ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள். அடித்தவள், அடிபட்டவனின் மூஞ்சியைக்கூடப் பார்க்கவில்லை. அறையைவிட அதுதான் அவனை அறுத்தது.

வீட்டில் மனைவி சீனித்தாய்க்கு விஷயம் அன்றைக்கே எட்டிவிட்டது. அதற்கப்புறம் அவன் குரலை உயர்த்தும்போதெல்லாம் அவளுக்கு ஒரு பதில் தயாராக இருந்தது. “இங்கன என்ன துள்ளுதிய? உங்க வீரத்த அந்த நாசரேத்துக்காரிகிட்டப் போய்க் காட்டுங்க.”

சீமையிலிருந்து கப்பலில் கழிவுத்தாள் வரும். காகித ஆலைக்குப் போகிற சரக்கு. ஆளுயரத்துக்கு அமுக்கிக் கம்பி போட்டு இறுக்கிய கட்டுகள், பேல் என்பார்கள். அந்தக் கம்பியை வெட்டுவதுதான் சுடலைக்கண்ணனின் வேலை. வெட்டுகிறவன் பக்கவாட்டில் நிற்க வேண்டும். நேரே நின்றால், தெறிக்கிற கம்பி முகத்தை உரித்துக்கொண்டு போய்விடும். பாண்டித்துரைக்கு ஒரு கண் அப்படித்தான் போனது. வெட்டிய கட்டு பொதபொதவென்று சரியும். அதற்குள் செய்தித்தாள், அட்டைப்பெட்டி, ஆஸ்பத்திரி பில், எவனோ எவளுக்கோ எழுதிய கடிதம் எல்லாம் இருக்கும். நூற்றில் ஒரு கட்டில் ஈவாஞ்சலினுக்கு வேண்டியது கிடைக்கும். கம்ப்யூட்டர் விளையாட்டுப் பத்திரிகைகளும், பகடை உருட்டி வாசிக்கிற கதைப் புத்தகங்களும். எல்லாம் முப்பது நாற்பது வருஷத்துக்கு முன்னால் வந்தவை. சின்ன வயசில் அம்மா குப்பையில் போட்டதைத் தலை நரைத்த பிறகு தேடுகிற கூட்டம் ஒன்று உலகத்தில் இருக்கிறது. அவர்களுக்குத்தான் அண்ணாச்சி போனில் படம் போட்டு விற்பார்.

போட்டோவை நம்பி அவர்கள் வாங்குவதில்லை. ஈவாஞ்சலினின் துண்டுச் சீட்டை நம்பித்தான் வாங்கினார்கள்.

அவள் நாசரேத்தில் ஓர் அச்சாபீசில் பைண்டிங் வேலை பார்த்து வளர்ந்தவள். சாத்தான்குளத்துக் கடைக்காரன் ஒருவனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அவன் பெல்ட்டால் அடிக்கிற ஆள். இவள் பொறுத்துப் பார்த்தாள், ஜெபித்துப் பார்த்தாள். ஒருநாள் ஆட்டுரலிலிருந்து குழவியைத் தூக்கி அவன் காறை எலும்பில் ஒன்று போட்டாள். அவன் கீழே கிடந்து அலறும்போது கையைக் கழுவிவிட்டு, கொடியில் கிடந்த இரண்டு சேலையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். தங்கச்சி பிளாரன்ஸ் வீட்டில் கொஞ்ச நாள். பிறகு தூத்துக்குடியில் பேப்பர் பொறுக்குகிற வேலை. அதிலிருந்து இந்த மேஜை. இதை அவளே சொல்லுவாள், சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, ஊறுகாய் கேட்கிற மாதிரி.

“செத்துப்போயிருந்தா என்னக்கா செஞ்சிருப்பிய?” என்று பாண்டித்துரை ஒருமுறை கேட்டான்.

“அடக்க ஆராதனைக்கு இருந்துட்டு அடுத்த பஸ்ஸப் பிடிச்சிருப்பேன்.”

அவள் புத்தகத்தைப் பார்க்கிற விதமே தனி. முதலில் மோந்து பார்ப்பாள், ஈரம் பட்ட நெடி இருக்கிறதா என்று. அடுத்து முதுகு. முதுகில் வெள்ளைக் கோடு விழுந்திருந்தால், அதை விரியத் திறந்து கவிழ்த்து வைத்திருக்கிறான் என்று அர்த்தம். அப்புறம் நடுப்பக்கத்தில் தாளைப் பிடித்திருக்கிற ஸ்டேப்ளர் பின். உப்புக்காற்றில் பின் ஒரே மழைக்காலத்தில் துரு ஏறிவிடும் என்பதால், அவள் அறையில் மூலைக்கு மூலை சிப்பிச் சுண்ணாம்பு வைத்திருந்தாள். கடைசியில் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தைச் சாய்த்துப் பிடிப்பாள். பகடைக் கதைப் புத்தகத்தில் வாசிக்கிறவன்தான் வீரன். அவன் பலம் எவ்வளவு, உயிர் எவ்வளவு என்று பென்சிலால் எழுதிக்கொள்ள ஒரு பக்கம் உண்டு. எழுதியதை எத்தனை அழித்தாலும் சாய்வெளிச்சத்தில் பள்ளம் தெரியும்.

“இந்தா பாரு, இந்தப் பய ஏமாத்தியிருக்கான். செத்த பெறவும் உயிரக் கூட்டிப் போட்டிருக்கான்” என்பாள். எவனோ ஒரு சீமைச் சிறுவன்மேல் அப்படி ஒரு ஆத்திரம் வரும் அவளுக்கு.

மின்ட், ஃபைன், குட், பூவர். புத்தம் புதிதுக்கு மின்ட், கெட்டுப்போனதுக்குப் பூவர். இந்த நாலில் ஒன்றைச் சீட்டில் எழுதுவாள். எதனால் அந்தத் தரம் என்பதையும் எழுதுவாள். குறையை மேலே எழுதுவாள், நிறை கீழே. “இப்பிடி எழுதினா எவன்ளா வாங்குவான்?” என்று அண்ணாச்சி ஆரம்பத்தில் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் வாங்கினார்கள். அவள் ஃபைன் என்று எழுதியதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார்கள். அவளிடம் வீடில்லை, நகையில்லை, பிள்ளையில்லை. தன் சொல்லுக்கு முகம் தெரியாத ஆட்கள் தலையாட்டுகிறார்கள் என்பது ஒன்றுதான் இருந்தது. அதில் யார் கை வைத்தாலும் அடித்தாள். புத்தகக் கட்டின்மேல் உட்கார்ந்த லாரி டிரைவர் மரஸ்கேலால் வாங்கினான். டீக் கிளாஸை அட்டைமேல் வைத்த பாண்டித்துரையின் விரல் நகம் கறுத்து விழுந்தது.

இத்தனைக்கும் மத்தியானங்களில் அவள்தான் அவர்களுக்குப் பொழுதுபோக்கு. பூவர் என்று ஒதுக்கிய பகடைப் புத்தகத்தை எடுத்து, வரிக்கு வரி தமிழில் சொல்லுவாள்.

“குகை வாசல்ல ஒரு பூதம் தூங்குது. பக்கத்துல சாவி கெடக்கு. பைய எடுக்கியா, எழுப்பி அடிக்கியா? ஏலே சுடலை, உன் மொற.”

“எழுப்பி அடி.”

“தூங்குதுன்னு சொல்லுதேன்.”

“தூங்குறவன அடிச்சா அது ஆம்பளத்தனமா? எழுப்பித்தான் அடிக்கணும்.”

பகடை உருளும். “செத்தே” என்பாள். ஒவ்வொரு மத்தியானமும் சுடலைக்கண்ணன் செத்தான். சிரித்துக்கொண்டே சாவான். சாயங்காலம் சைக்கிளை மிதிக்கும்போது கன்னத்து அறை ஞாபகம் வரும். இவள் கதைக்குப் போய் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தோமே என்று ஹேண்டில்பாரை இறுக்குவான்.

அந்த வருஷம் புரட்டாசியில் வெட்டிய பேல் ஒன்றிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பெட்டி விழுந்தது. மூடி இறுகிப்போயிருந்தது. சுடலைக்கண்ணன் கொக்கியால் நெம்பித் திறந்தான். ஒரே பத்திரிகையின் பன்னிரண்டு இதழ்கள். ஒரே வருஷம் வந்து நின்றுபோன விளையாட்டுப் பத்திரிகை. நடுவில் மடித்து வைத்த வரைபடங்கள் பிரிக்கப்படாமலே இருந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி. மேல் வரிசை அப்படியே இருந்தது. கீழ் வரிசையில் தண்ணீர் இறங்கி உள்பக்கமெல்லாம் களிக்கட்டி மாதிரி ஒட்டிப்போயிருந்தது. அட்டை மட்டும் தப்பித்திருந்தது. ஈவாஞ்சலின் கையைத் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். கீழ் வரிசையை அப்போதே பூவர் என்று ஒதுக்கினாள். மேல் வரிசைக்குச் சீட்டு எழுத அவள் எடுத்துக்கொண்ட நாளில் ஒரு கப்பலையே இறக்கியிருக்கலாம். பன்னிரண்டுக்கும் ஃபைன். மின்ட் ஏன் இல்லை என்று அண்ணாச்சி கெஞ்சினார். “ஏழாவது இதழ்ல வலது மூலை ஒரு நெல்லளவு மழுங்கியிருக்கு அண்ணாச்சி.” அதோடு பேச்சு முடிந்தது.

பெங்களூர்க்காரர் ஒருவர் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார். அவரே விமானத்தில் வந்து வாங்கிப் போவதாகச் சொன்னார். “அந்த அம்மா சீட்டோட குடுங்க. சீட்டு இல்லன்னா எனக்கு வேண்டாம்” என்று போனில் அவர் சொன்னது கிட்டங்கி முழுக்கக் கேட்டது. ஈவாஞ்சலின் அன்றைக்கு வெட்கப்பட்டதைப் பார்த்தவன் சுடலைக்கண்ணன் ஒருவன்தான். திரும்பி நின்று சுண்ணாம்புக் கட்டியை இடம் மாற்றி வைப்பதுபோலப் பாசாங்கு செய்தாள்.

இடையில் ஆயுத பூஜை வந்தது. லீவுக்கு அவள் நாசரேத்துக்குப் போய்விட்டாள். கிட்டங்கியைக் கழுவி விட்டார்கள். எடைமேடை, கம்பி வெட்டுகிற கட்டர், கொக்கிகள், லாரி எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, கதம்பம் சார்த்தினார்கள். சுடலைக்கண்ணன் வெளியே லாரிச் சக்கரத்துக்கு முன்னால் பூசணிக்காய் உடைத்துக்கொண்டிருந்தான். உள்ளே அண்ணாச்சியின் மனைவி பகவதி, பாவம், தன் பக்தியைச் செய்தாள். நம்மைப் பிழைக்க வைக்கிற பொருளுக்குத்தானே பொட்டு வைக்க வேண்டும்? கிட்டங்கியில் இருப்பதிலேயே விலைபோகிற பொருள் எது என்று வீட்டுக்காரர் மூச்சுக்கு மூச்சு சொல்லியிருந்தார். ஈவாஞ்சலின் அறையைத் திறந்து, பன்னிரண்டு இதழ்களையும் வாழையிலையில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொரு அட்டையிலும் மூன்று விரலால் சந்தனத்தை இழுத்து, நடுவில் குங்குமம் வைத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கும்பிட்டாள். கற்பூரமும் காட்டினாள்.

லீவு முடிந்து வந்த ஈவாஞ்சலின் அறையைத் திறந்து நின்றாள். கத்தப்போகிறாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். கத்தவில்லை. பகவதி தேங்காய்ச் சில்லும் பொரியும் தட்டில் வைத்துக்கொண்டு வந்தாள். “ஏளா ஈவா, உன் புஸ்தகத்துக்கும் சேத்துக் கும்பிட்டிருக்கேன். நல்ல விலைக்குப் போகும் பாரு.”

ஈவாஞ்சலினின் கை எழுந்தது. சுடலைக்கண்ணன் பார்த்தான். எழுந்த கை ஒரு பொரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டது. “சரிக்கா” என்றாள். பகவதி போன பிறகு, தான் எழுதி வைத்த சீட்டுகள் பன்னிரண்டையும் எடுத்துக் கிழித்தாள். புதுச் சீட்டை இழுத்து, பூவர் என்று எழுத ஆரம்பித்தாள்.

அண்ணாச்சி ஓடி வந்து பேனாவைப் பிடுங்கினார். பகவதியின் தம்பி மகாராஜா அவர் பின்னால் வந்தான். ஜிம்முக்குப் போய் உடம்பை ஊத வைத்தவன். கிட்டங்கியில் அவனுக்கு வேலை என்று ஒன்றும் கிடையாது. அக்காள் வீட்டுக்காரர் எங்கே நிற்கிறாரோ அங்கே பின்னால் நிற்பான். யோசனை அவனுடையதுதான். தண்ணீர் பட்டு நாசமான வரிசையின் அட்டைகள் நன்றாகத்தானே இருக்கின்றன? அதைக் கழற்றி இதற்குப் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியும்?

“தல ஒருத்தனுக்கு, முண்டம் ஒருத்தனுக்கு” என்றாள் ஈவாஞ்சலின். “பொணத்த ஒட்டுப்போட்டு மாப்பிள்ளன்னு கொண்டாந்து நிப்பாட்டுதிய. நான் எழுத மாட்டேன்.”

அவளில்லாமலே செய்தார்கள். மகாராஜா புதுப் பின்களை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுத் துரு ஏற்றினான். அட்டைகளை மாற்றித் தைத்தான். பார்வைக்குப் பழைய பின் மாதிரியேதான் இருந்தது. இனி ஃபைன் என்று அவள் கையால் எழுதிய சீட்டு மட்டும்தான் பாக்கி. பெங்களூர்க்காரர் வருகிற நாளும் வந்துவிட்டது. மூன்று மணிக்கு வாகைக்குளத்தில் விமானம்.

அன்றைக்குக் காலையில் அண்ணாச்சி சுடலைக்கண்ணனைத் தனியே கூப்பிட்டார். மகாராஜா வழக்கம்போல அவர் பின்னால் நின்றான்.

“ஏலே, அவ உன்ன அறைஞ்சத நான் மறக்கல. நீயும் மறந்திருக்க மாட்டே. இன்னைக்கு நான் கேக்க மாட்டேன், எவனும் கேக்க மாட்டான். ரெண்டு தட்டு தட்டி எழுத வையி. எழுதுற கைய மட்டும் விட்ரு.”

சுடலைக்கண்ணனுக்கு உடம்பெல்லாம் சூடானது. பொய் சொல்லக்கூடாது, அது சந்தோஷச் சூடுதான். கல்யாண வீட்டுக்குப் போகிறவன் மாதிரி நடந்தான்.

மகாராஜா ஷட்டரை இறக்கினான். பின்கட்டில் பேல்களுக்கு நடுவே ஒரு சந்து. மேலே தகர ஓட்டை வழியாக வெயில் ஒழுகியது. ஈவாஞ்சலின் மேஜைக்குப் பின்னால் மரஸ்கேலோடு நின்றாள். இருவரையும் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

“என்னலே சுடலை, கை நமைக்குதா?”

“அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கேன்.” கன்னத்தைத் தொட்டுக் காட்டினான். “அன்னைக்கு என்னைய அறைஞ்சிய பாருங்க, அது தப்புன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நான் தொடாமப் போயிருதேன். அண்ணாச்சிகிட்ட நான் பேசிக்கிடுதேன்.”

வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். அந்தச் சந்தில், இறங்கிய ஷட்டருக்கு உள்ளே, இரண்டு தடியன்களுக்கு முன்னால் எவள் சொல்ல மாட்டாள்? ஈவாஞ்சலின் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். புத்தகத்தைச் சாய்த்துப் பிடித்துப் பார்க்கும்போது புருவம் சுருங்குமே, அப்படிச் சுருங்கியது.

“தப்பு இல்லலே. நீ எச்சி தொட்டே, நான் அடிச்சேன். இன்னைக்குத் தொட்டாலும் அடிப்பேன். உன்னயப் பாக்காமத் திரும்பினேன் பாரு, அது வேணா தப்பு.”

அவள் ‘தப்பு இல்லலே’ என்றதுமே ஓங்கிய கையோடு சுடலைக்கண்ணன் நின்றான். இத்தனை வருஷம் உள்ளே கிடந்து கொதித்தது எது என்று அவன் ஒருத்தரிடமும் சொன்னதில்லை. மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. இவளுக்கு எப்படித் தெரிந்தது?

“என்னலே ரெண்டு பேரும் பாவமன்னிப்பா நடத்துதிய?” மகாராஜா அவனைத் தோளால் இடித்து ஒதுக்கிவிட்டு அவள் கொண்டையைப் பிடித்தான். “எழுதுளா. ஃபைன்னு எழுது.”

அவள் ஸ்கேலைத் திருப்பி அதன் விளிம்பால் அவன் மூக்குத் தண்டில் வீசினாள். நல்ல அடி. சதை பிளந்து ரத்தம் மேஜைமேல் தெறித்தது. மகாராஜா மூக்கைத் தொட்டுப் பார்த்தான், விரலைப் பார்த்தான். எந்தக் கையை விடச் சொன்னார்கள் என்பதெல்லாம் அவனுக்கு அப்போதே மறந்துபோனது. அவளுடைய வலது கையை மேஜைமேல் அமுக்கி, கம்பி வெட்டுகிற கட்டரை எடுத்து அதன் இரும்புப் பிடியால் குத்தினான். முருங்கைக்காய் ஒடிகிற சத்தம் கேட்டது. அவள் கீழே விழுந்தாள். இடது விலாவில் மிதித்தான். மறுபடியும் மிதித்தான். அவள் கத்தவில்லை, மூச்சுத்தான் புஸ்ஸென்று வெளியே வந்தது.

மூன்றாவது மிதிக்குக் காலைத் தூக்கும்போது சுடலைக்கண்ணன் பாய்ந்தான்.

இரக்கப்பட்டுப் பாய்ந்தான் என்று பிற்பாடு சொன்னார்கள். அவனுக்கு அது தெரியாது. அவன் மண்டைக்குள் ஓடியது ஒன்றே ஒன்றுதான். இந்த அடி என்னுடையது. இத்தனை வருஷம் நான் சேர்த்து வைத்ததை இந்தப் பயல் எடுத்துச் செலவழிக்கிறான்.

மகாராஜாவின் பிடரியைப் பிடித்து மேஜை முனையில் மோதினான். பல் இரண்டு தெறித்தது. அவன் திரும்பி முழங்காலால் அடிவயிற்றில் கொடுத்தான். சுடலைக்கண்ணன் குனிந்தான், குனிந்த வாக்கிலேயே அவன் காலை வாரினான். இருவரும் அறுந்த கம்பிச் சுருளுக்குள் விழுந்தார்கள். கம்பி இருவரையும் கிழித்தது. மகாராஜாவின் கை கட்டரைத் தேடியது. சுடலைக்கண்ணன் அந்த மணிக்கட்டில் கடித்தான், எலும்பு தட்டும்வரை கடித்தான். பிறகு அவன்மேல் ஏறி உட்கார்ந்து குத்தினான். தாடை ஒரு பக்கமாகத் தொங்கிய பிறகும் குத்தினான். துடுப்புக்காரனுக்கும் லாரிக்காரனுக்கும் ஒரு எண்ணிக்கை வைத்திருந்தான். இவனுக்கு வைக்கவில்லை.

“சுடலை, போதும்” என்று தரையிலிருந்து அவள் சொன்னாள். “செத்துட்டான்னா உன்னயத்தான் பிடிப்பானுவ.”

ஷட்டரை உள்ளேயிருந்து எத்தித் திறந்தான். வெளியே நின்ற அண்ணாச்சி அவனைப் பார்த்ததும் பேல் மறைவுக்குப் போய்விட்டார். ஈவாஞ்சலினைத் தூக்கிக் குட்டி யானை வண்டியில் பழைய செய்தித்தாள் கட்டுகள்மேல் கிடத்தினான். பாண்டித்துரை ஒற்றைக் கண்ணோடு வண்டியைப் பறக்க விட்டான். பள்ளத்தில் விழும்போதெல்லாம் அவள் “ஆண்டவரே” என்றாள். சுடலைக்கண்ணன் “வண்டியப் பைய உருட்டித் தொலைலே” என்று கேபினைக் குத்தினான்.

பெரியாஸ்பத்திரியில் வயிற்றை அமுக்கிப் பார்த்த டாக்டர், உள்ளே ரத்தம் கசிகிறது, மண்ணீரல் கிழிந்திருக்கும், உடனே திறந்து பார்க்க வேண்டும் என்றார். நர்சம்மா கையெழுத்துப் போட ஆள் கேட்டாள். சொந்தக்காரர் யார் என்று கேட்டாள். நாசரேத்துக்குப் போன் போட்டிருந்தது. பிளாரன்ஸ் வந்துகொண்டிருந்தாள். “அதுவரைக்கும் இவன் போடட்டும்” என்று ஈவாஞ்சலின்தான் கண்ணால் காட்டினாள். சுடலைக்கண்ணன் ஐந்தாம் வகுப்பு எழுத்தில், பேப்பர் கிழிகிற மாதிரி அழுத்திப் போட்டான்.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஸ்டிரெச்சரை நிறுத்திவிட்டு ஊழியர்கள் எதற்கோ உள்ளே போனார்கள். அவள் முகம் சுண்ணாம்பு நிறத்துக்கு வந்திருந்தது. உடைந்த கையைத் துணியில் சுற்றி நெஞ்சில் வைத்திருந்தார்கள்.

“மணி என்னலே?”

“ரெண்டு ஆகப்போகுது.”

“அண்ணாச்சி வாகைக்குளத்துக்குக் கார் எடுத்துக்கிட்டுப் போயிருப்பாரு. என் எழுத்து மாதிரியே எவனையாவது வச்சுச் சீட்டு எழுதியிருப்பாரு.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். “அந்த மனுஷன் அத நம்பி வாங்கிருவாருலே.”

“வாங்கட்டும். இப்ப அதுவா முக்கியம்?”

“வேற என்ன இருக்கு எனக்கு?”

சுடலைக்கண்ணன் தன் சட்டையைப் பார்த்தான். மார்பு முழுக்க மகாராஜாவின் ரத்தம். கன்னத்தில் கம்பி கிழித்த கோட்டிலிருந்து அவனுடையதும் வழிந்து, தாடியில் காய்ந்துகொண்டிருந்தது. “நான் போய் அண்ணாச்சியத் தூக்கிக் கார் டிக்கில போட்டுட்டு வாரேன்” என்றான்.

“அடிக்கப் போகாத. சொல்லப் போ.”

“என் பேச்ச எவங்க்கா நம்புவான்?”

“நம்ப வேண்டாம். நடுப்பக்கத்தத் தொறந்து பின்னச் சுத்திப் பாக்கச் சொல்லு. பழைய துருன்னா காயிதத்துலயும் எறங்கியிருக்கும். இதுல பின்னுல மட்டும்தான் துரு. பாத்தார்னா அவருக்கே வெளங்கிரும்.”

உள்ளே போனவர்கள் வந்து ஸ்டிரெச்சரைத் தள்ளினார்கள். தியேட்டர் கதவு மூடிய பிறகு அவள் யாரிடமும் பேசவில்லை. பிளாரன்ஸ் நாசரேத் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்தபோது, முகம்வரைக்கும் துணியை இழுத்து மூடியிருந்தார்கள். வழக்கு, வாய்தா, மகாராஜாவின் தாடைக்குப் போட்ட கம்பி, சுடலைக்கண்ணன் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தது எல்லாம் அதற்கு அப்புறம் நடந்தவை.

அந்தக் கதவு மூடுகிறதற்கு முன்னால் அவள் தலையைத் திருப்பினாள். இந்தத் தடவை அவனுடைய மூஞ்சியை நேராகப் பார்த்தாள். கண், கன்னம், தாடி என்று ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் பார்த்தாள்.

“இந்தக் கோலத்துல போயி நின்னேன்னா மனுஷன் பயந்து, வந்த பிளேன்லயே திரும்பி ஏறிருவான். அங்கன கொழாய் இருக்கு பாரு. முகத்தக் கழுவிட்டுப் போ.”